திம்பிளின் திருத்தம்

“‘மிகவும்’, வெளிய போ. ‘உண்மையில்’, நீயும் போ. ‘அழகான’... சரி, பாவம், நீ இருந்துட்டுப் போ.”

சமையலறை மேசையில் உட்கார்ந்து எஸ்கில் இப்படித்தான் சொற்களோடு பேசுவார். ஒரு பக்கம் கல்லீரல் விழுது தடவிய கறுப்பு ரொட்டி, பாதி கடித்தது. மறுபக்கம், விசைப்பலகைக்குள்ளேயே கணினி அடங்கிய பழுப்பேறிய பெட்டி. பெட்டிக்கு வயது நாற்பது இருக்கும். எதிரே குண்டுத் திரை. அதில் ஒரு வரிக்கு நாற்பது எழுத்து, ஒரு பக்கத்துக்கு இருபது வரி. அதற்குமேல் ஒரு கால்புள்ளிகூட நுழையாது. ஆகவே யார் என்ன கட்டுரை அனுப்பினாலும் எஸ்கில் முதலில் செய்வது, தேவையில்லாத சொற்களை வாசலுக்கு வெளியே துரத்துவதுதான். “இடம் இல்லப்பா” என்பார். பாராட்டி எழுதினாலும் அதே பதில், திட்டி எழுதினாலும் அதே பதில்.

அவர் நடத்துவது வட்டு இதழ். காகிதம் கிடையாது. அப்பளம் அகலத்துக்கு ஒரு வட்டு, சதுரமான கறுப்பு உறைக்குள் இருக்கும். அதைக் கணினியில் செருகினால் பாட்டு தொடங்கும், முகப்புப் படம் விரியும், ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினால் பக்கம் புரளும். படிப்பவர்கள் எல்லாரும் எங்களைப் போன்றவர்கள்: இந்தப் பழைய கணினியை வைத்துக்கொண்டு, இசையும் அசையும் படமுமாக டெமோ செய்து, ஒருவருக்கொருவர் காட்டிப் பெருமையடித்துக்கொள்கிறவர்கள். யார் என்ன செய்தார், யார் யாரோடு சண்டை, இந்த முறை எந்தப் படத்துக்கு முதலிடம் என்பதெல்லாம் எஸ்கிலின் இதழில்தான் வரும். செய்திப் பக்கம் நான் எழுதுகிறேன். இருபத்தாறு வருடமாக எழுதியும் என்னுடைய ஒரு வரிகூட முழுதாகப் பிரசுரமானதில்லை.

இதழின் பெயர் ‘கிளிஸ்டர்’. கோந்து என்று அர்த்தம். அந்தக் காலத்தில் வட்டுகளைத் தபாலில்தான் அனுப்பிக்கொள்வோம். பள்ளிக்கூடப் பையன்களிடம் அத்தனை தபால்தலைக்குக் காசு ஏது? தபால்தலைமேல் மெல்லிசாகக் கோந்து பூசிவிட்டால் முத்திரை மை கோந்தில்தான் படியும். தண்ணீரில் கழுவினால் தலை புத்தம் புதுசு. “தயவுசெய்து தபால்தலைகளைத் திருப்பி அனுப்பவும்” என்று கடிதத்தின் கடைசியில் எழுதுவது எங்கள் வட்டாரத்து நாகரிகம். ராணியாரின் முகம் போட்ட ஒரே ஒரு தபால்தலையைக் கொண்டு இரண்டு வருடம் ஓட்டியதாக எஸ்கில் சொல்வார். கடைசியில் ராணியாருக்கு மூக்கு மட்டும்தான் மிஞ்சியதாம்.

அவருடைய பிழைப்பு சாலையில். எங்கள் வட்டாரமான மேற்கு யூட்லாந்தின் பாதிச் சாலைகளில் வெள்ளைக் கோடும் அம்புக்குறியும் போட்டவர் அவர்தான். காய்ச்சிய வண்ணத்தை வண்டியிலிருந்து ஊற்றி, முழங்காலில் தோல்பட்டை கட்டிக்கொண்டு தவழ்ந்து, பள்ளிக்கூட வாசலில் ‘பள்ளி’ என்று ஆளுயர எழுத்தில் எழுதுவார். நவம்பரில் ஈரமும் குளிரும் வந்துவிட்டால் வண்ணம் ஒட்டாது, வேலை நின்றுவிடும். அன்றே கணினியைச் சமையலறைக்குக் கொண்டுவந்துவிடுவார். ஈஸ்டருக்கு இதழ் வெளிவரும், ஏப்ரலில் மறுபடி சாலை. “எங்க வீட்டுல குளிர்காலம் பூரா நானும் திம்பிளும்தான் இருப்போம்” என்பார் அவர் மனைவி டோர்தே. “எஸ்கில் கோடைக்கு மட்டும் வந்துட்டுப் போவான்.”

திம்பிள் என்பது அவருடைய புனைபெயர். எங்களில் எல்லாருக்கும் ஒன்று உண்டு. புயல், இடி, எரிமலை என்று பதின்மூன்று வயதுக்கு என்னென்ன பயங்கரமாகத் தோன்றுமோ அத்தனையும் இருக்கும். எஸ்கில் ஆங்கில அகராதியைத் திறந்து, ஓசையை மட்டும் பார்த்து, ஏதோ முழக்கம் என்று நினைத்து இந்தச் சொல்லைப் பிடித்தார். தையற்காரர்கள் ஊசி குத்தாமல் இருக்க விரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் பூண் அது என்று தெரிந்தபோது, பன்னிரண்டு நாடுகளில் பெயர் பரவிவிட்டது.

பிப்ரவரியில் அவரைப் பார்க்க வேண்டும். பின்லாந்திலிருக்கும் ஓனியிடம் பாட்டு கேட்டுத் தொலைபேசியில் கெஞ்சுவார். “டேய் ஓனி, இதழ் ரெடிடா. பாட்டு மட்டும்தான் பாக்கி. ரெண்டு நிமிஷப் பாட்டு போதும்டா. என்னது, ஐஸ்ல மீன் புடிச்சிட்டிருக்கியா? மீனா வந்து இசையமைக்கப் போகுது?” போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “நாளைக்கே அனுப்புறானாம்” என்பார். போன வருடமும் அதையேதான் சொன்னார். நாளை என்பது மூன்று வாரம் கழித்து வந்தது.

இவ்வளவு கலகலப்பான மனிதர் இந்த ஜனவரியில் ஒரு வாரம் பேசாமல் இருந்தார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய வட்டுகள் கெட்டுப்போவதற்குள் எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்துவிடலாம் என்று எஸ்கில் பரணிலிருந்து பெட்டிகளை இறக்கியிருந்தார். ஒவ்வொரு வட்டுக்கும் இரண்டு பக்கம். ஒரு பக்கத்தை நகலெடுத்துவிட்டு, வெளியே எடுத்துத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தையும் எடுக்க வேண்டும். நானும் உதவிக்குப் போயிருந்தேன். நான்காவது பெட்டியில், வடக்கே நடுக்கடலில் கிடக்கும் ஃபரோ தீவின் தபால்தலை ஒட்டிய உறையில், ஒரு வட்டு. முன்பக்கத்தைப் போட்டோம். திரையில் ஒரு செம்மறிக் கிடா வந்து நின்றது. மழையில் நனைந்து, கம்பளி திரிதிரியாகத் தொங்க, நம்மை நேராகப் பார்த்து, “உனக்கென்ன வேணும்?” என்று கேட்கிற முகம். இருப்பதே பதினாறு நிறம்தான். அதில் அந்த ஈரத்தை எப்படிக் கொண்டுவந்தார்களோ, தொட்டால் கை நனையும் போலிருந்தது.

“ஓ, இது அந்தத் திருட்டு ஆடு” என்றார் எஸ்கில்.

எனக்கும் நினைவு வந்தது. 1992-இல் லுண்டி என்ற புனைபெயரில் யாரோ வரைந்த படம். எல்லாரும் வியந்தார்கள். பிறகு ஒரு பேச்சு கிளம்பியது: இது கையால் வரைந்ததல்ல, புகைப்படத்தைக் கருவியில் கொடுத்து ஏற்றியது என்று. எங்கள் உலகில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. எஸ்கிலுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆசிரியர் என்ற முறையில் லுண்டிக்கு ஒரு அஞ்சலட்டை போட்டார்: ஆதாரம் அனுப்பு. பதிலாக இந்த வட்டு வந்தது. போட்டுப் பார்த்தார், ஏற்கெனவே பார்த்த அதே ஆடு. ஆதாரம் எதுவும் இல்லை என்று முடிவுகட்டி, ‘லுண்டி ஒரு போலி’ என்று இரண்டு பக்கம் எழுதினார். வாசகர் ஓட்டுப் பட்டியலிலிருந்து படத்தை நீக்கினார். லுண்டியிடமிருந்து அதற்குப் பிறகு கடிதமும் இல்லை, படமும் இல்லை.

எஸ்கில் வட்டை எடுத்துத் திருப்பிப் போட்டார். நகலெடுக்க வேண்டும் என்பதற்காகத்தான். மறுபக்கத்தில் பதினான்கு படங்கள் இருந்தன. முதலாவதில் வெறும் கோடுகள். இரண்டாவதில் கொம்பு மட்டும். மூன்றாவதில் கொம்பை அழித்து வேறு கொம்பு. ஏழாவதில் ஆட்டுக்கு ஒரு கண் வந்திருந்தது, கொஞ்சம் மாறுகண்ணாக. ஒவ்வொரு புள்ளியாக, ஜாய்ஸ்டிக்கால் நகர்ந்து நகர்ந்து வைத்த படம். பதினான்காவதில் மழை பெய்தது.

எஸ்கில் உறையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மூலையில், பென்சிலில், சின்னதாக ஒரு வளைந்த அம்புக்குறி. திருப்பிப் போடு என்று.

“அம்புக்குறி போட்டுத்தான் நான் சம்பளமே வாங்குறேன்” என்றார். அதற்குப் பிறகுதான் அந்த ஒரு வாரம்.

எட்டாம் நாள் என்னைக் கூப்பிட்டார். உறையின் பின்னால் அந்தத் தீவின் கிளாக்ஸ்விக் ஊரில் ஒரு தெருவின் பெயர் இருந்தது, வீட்டு எண் அழிந்திருந்தது; அந்தத் தெருவில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடப்போவதாகச் சொன்னார். நான் போய்ச் சேர்வதற்குள் ஆறு வீடு முடிந்திருந்தது. ஏழாவது வீட்டில் ஒரு ஆண்குரல். எஸ்கில் ஒலிபெருக்கியில் போட்டார்.

“லுண்டியத் தேடுறேன்” என்றார்.

லுண்டி என்பது அவர்கள் மொழியில் ஒரு கடற்பறவையின் பெயர். “லுண்டியா? இந்தப் பாறை பூரா லுண்டிதான். பாக்கவா, திங்கவா?” என்றது குரல்.

“இல்லைங்க, ஆளு. தொண்ணூத்திரண்டுல கம்ப்யூட்டர்ல படம் வரைஞ்ச ஆளு. ஒரு ஆடு.”

மறுமுனையில் சிரிப்பு நின்றது. “அது என் தங்கச்சி மார்யுன். எங்கப்பாவோட கிடாதான் அது. மழையில அத ஒரு மாசம் கட்டிப்போட்டு வரைஞ்சா, எங்கப்பாகிட்ட அவ வாங்குன திட்டு! நீங்க யாரு?”

எஸ்கில் என்னைப் பார்த்தார். லுண்டி ஒரு பெண் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

மார்யுன் தீவில் இல்லை. பதினைந்து வருடமாக ஹியர்ட்ஷால்ஸ் துறைமுகத்தில் வேலை. எங்கள் ஊரிலிருந்து வடக்கே இரண்டரை மணி நேரம். ஃபரோவுக்குப் போகும் கப்பலில் கார்களை வரிசைபார்த்து ஏற்றிவிடுகிறவர். எண்ணைக் குறித்துக்கொண்ட எஸ்கில் எழுந்து தண்ணீர் குடித்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து தண்ணீர் குடித்தார். டோர்தே தொலைபேசியை எடுத்து அவர் கையில் வைத்து, “பேசுடா, கடிக்கவா போறாங்க?” என்றார்.

“நான் திம்பிள்” என்றார் எஸ்கில்.

 கடற்காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு ஒரு பெண்குரல், “நீ இன்னும் உயிரோட இருக்கியா?”

“இருக்கேன். அந்த டிஸ்க இப்பத்தான் திருப்பிப் போட்டேன்.”

“எப்போ?”

“போன வாரம்.”

 குரல் மாறியது. “அப்போ நீ அதப் பாக்கவே இல்லையா? நான் இத்தன வருஷமா என்ன நெனச்சேன் தெரியுமா? பதினாலையும் ஒண்ணு விடாமப் பாத்துட்டு, அதுக்கப்புறமும் நான் பொய்க்காரின்னு எழுதியிருக்கேன்னு. இதுக்கு மேல என்னத்த காட்டுறதுன்னு விட்டுட்டேன்.”

எஸ்கில் மேசையிலிருந்த ரொட்டித் துணுக்குகளை ஒரு விரலால் ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்தார்.

“சோம்பேறித்தனம்தானா!” என்றது குரல். பிறகு, நாங்கள் யாரும் எதிர்பார்க்காத விதமாக, சிரித்தது. “கடவுளே, வெறும் சோம்பேறித்தனம்!”

“நான் திருத்தம் போடணும். ஈஸ்டர் இதழ்ல. நீ படிச்சுப் பாத்து சரின்னு சொன்னாத்தான் வெளியிடுவேன். வேணாம்னா வேணாம்.”

“என்கிட்ட அந்த மெஷின் இல்லையே.”

“ஈஸ்டருக்கு நாங்க எல்லாரும் ஒண்ணாக் கூடுவோம், நீயும் இங்க வா. சனிக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வெளியீடு.”

“லீவு கெடச்சாப் பாக்குறேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

திருத்தத்தை எழுத எஸ்கில் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார். பழிபோட்டது இரண்டு பக்கம் என்றால் திருத்தமும் இரண்டு பக்கம், அதுவும் முதல் பக்கத்திலேயே என்றார். ஆட்டின் படத்தையும் சேர்த்தால் வட்டில் இடம் போதவில்லை. தன்னுடைய தலையங்கத்தை முழுதாகத் தூக்கிப் போட்டார். “லுண்டி போலி என்று நான் எழுதியது பொய்” என்று தொடங்கியிருந்தார். ‘தவறு’ என்று போடலாமே, பொய் என்பது கொஞ்சம் அதிகம் என்றேன்.

“‘தவறு’ன்னா ஏதோ கை தவறி டம்ளர் விழுந்த மாதிரி இருக்கு. நான் பாக்காமலே பாத்த மாதிரி எழுதினவன். பொய்னே இருக்கட்டும். எழுத்தும் ஒண்ணு கம்மி.”

இன்னொரு வேலையும் இருந்தது. 1992-இல் வாசகர்கள் அனுப்பிய ஓட்டுச் சீட்டுகள் ஒரு காலணிப் பெட்டியில் அப்படியே இருந்தன. மறுபடி எண்ணினோம். நீக்கிய ஓட்டுகளைச் சேர்த்தால், அந்த ஆண்டின் சிறந்த படம் ஆடுதான். அப்படியானால் அதுவரை முதலிடத்தில் இருந்த பல்லே இரண்டாமிடம். பல்லேதான் ஈஸ்டர் கூடலை நடத்துகிறவர். லெம்வியில் பள்ளிக்கூட உடற்பயிற்சி அரங்கைப் பிடித்து, மின்சாரம் இழுத்து, நூற்று நாற்பது பேருக்குத் தொத்திறைச்சி வாட்டுகிறவர். தன் வாழ்க்கையில் ஒருமுறை முதலிடம் பெற்றதை அறிமுகமான ஐந்தாவது நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

விஷயத்தைக் கேட்டதும், “டேய், என் பேரன்கிட்டகூடச் சொல்லியிருக்கேன்டா!” என்று அலறினார். பிறகு ஆட்டின் படத்தைக் காட்டச் சொன்னார். பதினான்கையும் வரிசையாகப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டு, “அன்னைக்கே எனக்கு இதுதான் பிடிச்சுது. நானே இதுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்” என்றார். பெட்டியில் தேடினோம். உண்மைதான், அவர் கையெழுத்திலேயே இருந்தது.

ஈஸ்டர் சனிக்கிழமை. அரங்கத்தில் வரிசை வரிசையாக மேசைகள், திரைகள், கம்பிகள், சுவரோரம் சுருட்டிவைத்த தூக்கப் பைகள், வறுத்த வெங்காய வாசனை. எஸ்கில் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். அவரை இஸ்திரி போட்ட சட்டையில் நான் அவர் கல்யாணத்தில்தான் பார்த்திருக்கிறேன். மூன்று மணி. மூன்றேகால். கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார். மூன்றரைக்கு ஒரு பெண் உள்ளே வந்தார். உயரம், காற்றில் சிவந்த கன்னம், கையில் தேநீர்க் குடுவை. கம்பளி மேல்சட்டையில், நெஞ்சுக்குக் குறுக்கே, வரிசையாகச் சின்னச் சின்ன ஆடுகள்.

நேராக எங்கள் மேசைக்கு வந்தார். இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். 

“இது நீயே பின்னினதா?” என்று எஸ்கில் மேல்சட்டையைக் காட்டினார்.

“ஆமா. ஊசியில ஒரு கண்ணி, திரையில ஒரு புள்ளி. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. இத யாரும் திருட்டுன்னு சொல்லல.”

எஸ்கிலின் காது மடல் சிவந்தது. “ஹியர்ட்ஷால்ஸ்ல கார் நிக்கிற கோடெல்லாம் நான் போட்டது” என்றார், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

“மூணாவது வரிசை கோணலா இருக்கு” என்றார் மார்யுன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சரி, காட்டு.”

பாட்டு தொடங்கியது, ஓனி ஒருவழியாக அனுப்பிவிட்டிருந்தார். திருத்தத்தின் முதல் பக்கம் வந்தது. மார்யுன் உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தார். ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினார். இரண்டாம் பக்கம். எஸ்கில் அவர் பின்னால் நின்று, தன் இதழை வாழ்க்கையில் முதன்முறையாக வேறு ஒருவர் படிப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்ததாக 1992-ஆம் ஆண்டின் பட்டியல், முதலிடத்தில் லுண்டி. அடுத்து ஆடு, திரை முழுக்க.

மார்யுன் முன்னால் குனிந்தார். முகம் சுருங்கியது. “இங்க ஒரு தப்பு இருக்கு.”

எஸ்கில் அவர் தோளுக்கு மேலாகக் குனிந்தார். “எங்க? பேரா? தேதியா?”

“கண்ணுல. இந்த வெள்ளைப் புள்ளி. ஒரு புள்ளி கீழ தள்ளி இருக்கணும். வெளிச்சம் மேகத்துக்குள்ள இருந்துல்ல வருது, விளக்குல இருந்தா வருது? டிஸ்கத் தபால்ல போட்ட மறுநாளே தெரிஞ்சுபோச்சு. சரிபண்ணி அனுப்பலாம்னு இருந்தேன், அதுக்குள்ள நீ...” தோளைக் குலுக்கினார். “முப்பத்திரண்டு வருஷமா அந்தப் புள்ளி என்னைய உறுத்துது. திட்டுனதவிட இதுதான் அதிகம்.”

எஸ்கில் இதழை நிறுத்தி, படம் வரையும் நிரலை ஏற்றி, ஆட்டைத் திறந்தார். மார்யுன் ஜாய்ஸ்டிக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முதலில் சுட்டி எங்கெங்கோ ஓடியது; தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். பிறகு விரல்களுக்கு நினைவு வந்துவிட்டது. கண்ணை நெருங்கினார். வெள்ளைப் புள்ளியை அழித்தார். ஒரு புள்ளி கீழே வைத்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். அழித்தார்.

“திம்பிள்! நாலு ஆச்சு!” மேடையிலிருந்து பல்லே ஒலிவாங்கியில் கத்தினார். “டிஸ்கக் கொண்டா!”

பெரிய திரையில் விளக்கு ஏறியது. நூற்று நாற்பது பேர் இருக்கைகளைத் திருப்பிக்கொண்டு மேசைகளைத் தட்டத் தொடங்கினார்கள். முதலில் இரண்டு பேர், பிறகு ஒரு வரிசை, பிறகு அரங்கம் முழுக்க ஒரே தாளம். என் காப்பிக் கோப்பை அதிர்ந்தது. மார்யுனுக்கு எதுவும் காதில் விழவில்லை. அந்தப் புள்ளிக்கு வெள்ளையா, வெளிர் நீலமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

எஸ்கில் ஆட்டின் கண்ணிலிருந்து தன் கண்ணை எடுக்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, உள்ளங்கையை அகல விரித்து, அரங்கம் மொத்தத்தையும் அப்படியே நிறுத்திப் பிடித்தார்.